நீருக்கு எது வழி?

எண்ணூர்த் துறைமுகம் முதல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை ஏறத்தாழ 133 கி.மீ.; சரக்குந்துகள் சென்னைக்குள் நுழையாமல் ஓட ஒரு சாலை! வேண்டியதே, யார் மறுத்தார்? ஆனால், சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் கிழக்கே அது புகுவது ஏரிநாடு. மேலேரிக் கலங்கல் வழிந்தாலன்றோ கீழேரி நிறையும்? அவ்வோட்டத்தின் குறுக்கே மண்மேடு எழுப்பிச் சில குழாய்களைப் புதைத்தால் போதும் என்பாராயின், அவர் கட்டுவது அணையே. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை ஒட்டிய வரதராசபுரமும் முடிச்சூரும் 2015 பெருமழையில் மூழ்கியதை அதற்குள் மறந்தனரா?

பெயரையேனும் பேணினரா? 'எல்லைச் சாலை' என்னும் நற்றமிழ்ப் பெயர் ஏட்டில் உறங்க, அலுவலர் நாவில் 'பெரிபெரல் ரிங் ரோடு'! மாமல்லபுரத்தை மகாபலிபுரமாக்கிய நாவன்றோ அது!

ஒவ்வொரு கலங்கலுக்கும் நேரே அகன்ற பாலம் வேண்டும். அதன் அகலத்தை, அந்நீரைக் கண்டு வளர்ந்த உழவர் சொல்லட்டும்.