வீட்டுக்குள் ஒரு வாய்க்கால்

மட்டக்களப்பு நாட்டில் வேளாண்மை செய்வோர் நன்கு அறிந்த உண்மை ஒன்றுண்டு. வாய்க்காலில் நீர் வந்தால் மட்டும் போதாது. அது கடைசி வயல்வரை போய்ச் சேர வேண்டும். மேல்வயற்காரர் பல வாய் வெட்டி நீரை இழுத்துக்கொண்டால் கீழ்வயலிற் பயிர் கருகும். அவ்வாறு நேராவண்ணம் முறை வகுத்துக் கண்காணிப்பதற்கே வட்டவிதானை என்னும் பதவியை நம் முன்னோர் ஏற்படுத்தினர். இன்று நம் வீடுகளுக்குள்ளும் ஒரு வாய்க்கால் ஓடுகின்றது. அதுதான் இணைய இணைப்பு. இணைப்பு ஒன்று, அதை நம்பியிருக்கும் கணினிகளும் கையடக்கத் தொலைபேசிகளும் பல.

ஓர் இணைப்பு பல கணினிகளுக்கு எங்ஙனம் பயன்படுகின்றது? இணையத்தின் பழைய முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. அவை உலகிற்குப் போதா என்பதை உணர்ந்த அறிஞர், 1994 ஆம் ஆண்டில் முகவரி மாற்று முறை ஒன்றை விவரித்தனர். அதன்படி வீட்டிற்கு வெளியே ஒரே முகவரி; வீட்டிற்குள் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வோர் உள்முகவரி. 192.168 என்று தொடங்கும் எண்கள் இவ்வகையின. வரும் செய்தி எந்தக் கணினிக்குரியது என்று குறித்து வைத்து, உரியவரிடம் சேர்ப்பிப்பது ரவுட்டரின் வேலை. புதிய முகவரி முறையில் இப்பஞ்சம் இல்லை. ஆயினும் முகவரி பெருகுவதால் வாய்க்கால் அகலமாவதில்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. ரவுட்டர் முகவரியை அறியும், தேவையை அறியாது. நாமாக முறை அமைத்தாலன்றி, ஒரே வேளையிற் பல தொடர்புகளைத் திறக்கும் கணினியே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மூத்தவர் ஒரு பெரிய விளையாட்டைப் பதிவிறக்கத் தொடங்கினால், அடுத்த அறையில் பாடங் கேட்கும் இளையவரின் காதில் ஆசிரியரின் குரல் அறுந்தறுந்து விழும்.

2020 மார்ச்சில் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபின் இணையவழி வகுப்புகளில் இதனை நாம் நாள்தோறும் கண்டோம். மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் செல்லும் பாதையில், வாவியை அண்டியிருக்கும் தன்னாமுனைப் பக்கத்து மாணவி ஒருத்தி, மாலை வகுப்பின் நடுவே மறைந்துபோவாள். அவள் கவனக் குறைவுடையவள் அல்லள். ரவுட்டர் இருந்தது அண்ணனின் அறையில். அவள் இருந்ததோ இரண்டு சுவர்களுக்கு அப்பால், அடுப்படியில். இத்தகைய பிள்ளைகள் அவள் ஒருத்தி மட்டுமல்லர். கடைவயல் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே வாய்த்ததை எம் வகுப்புகளிற் கண்டோம்.

இணைப்புச் சிறிதாயிருப்பதே காரணம் என்பார் உளர். சிறிய இணைப்பை ஊரே பகிர்ந்த வரலாறு நம் தீவிலேயே உண்டு. 1990களின் இறுதியிற் கொத்மலைச் சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு, வினாடிக்கு 64 கிலோபிட் அளவுள்ள இணைப்பைப் பெற்றது. இன்று வினாடிக்கு 10 மெகாபிட் தரும் வீட்டு இணைப்போடு ஒப்பிட்டால் அது நூற்றைம்பதில் ஒரு பங்கிற்குங் குறைவு. நேயர்கள் கேள்வி கேட்பர்; நிலையத்தார் இணையத்தில் தேடி, விடையை வானொலியிற் சொல்வர். கணினியைக் கண்டிராதவருக்கும் அதன் பயன் எட்டியது. வாய்க்கால் குறுகியதே; எனினும் முறை இருந்தது.

வீட்டிற் செய்யத்தக்கன சில. ரவுட்டரை மூலையறையில் ஒளித்து வையாது, வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைத்தல் நன்று. இடம்பெயராத கணினிக்குக் கம்பித் தொடர்பு கொடுத்தால் கம்பியில்லா வழி ஏனையோருக்கு இலேசாகும். படத்தை நிறுத்திக் குரலை மட்டுங் கேட்டால் வினாடிக்கு 100 கிலோபிட்டுக்குங் குறைவே போதும். படமுஞ் சேர்ந்தால் அதனினும் பல மடங்கு வேண்டும். பெரிய பதிவிறக்கங்களை எல்லோரும் உறங்கியபின் வைத்துக்கொள்க. இன்ன கணினிக்கு முன்னுரிமை என்று அமைக்கும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அதனைப் பிள்ளைகளைக்கொண்டே அமைப்பிக்கலாம்.

இவற்றிற்கெல்லாம் முன்னதாக வேண்டுவது வீட்டிற்கொரு வட்டவிதானை. கட்டணஞ் செலுத்துபவர்தாம் அப்பதவியை வகிக்க வேண்டும் என்பதில்லை. எவருக்கு என்ன தேவை என்று அறிந்த தாயாரே பலவேளைகளில் அதற்குப் பொருத்தமானவர். அடுத்த பரீட்சை நெருங்குமுன் அனைவரும் ஒருநாள் கூடியிருந்து, யாருக்கு எந்நேரம் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதன் முதல் வரியில் அடுப்படியிலிருந்து படிக்கும் பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.