இரண்டரைக் கிலோ போதும்!

புதுச்சேரி வாலிபர்களுக்குத் தேகப்பயிற்சியில் ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசை. பாராட்ட வேண்டிய ஆசை.

ஆனால், பலகையில் மல்லாந்து படுத்து, இரும்புத் தண்டை மார்பு வரை இறக்கி, மேலே தள்ளும் 'பெஞ்ச் பிரஸ்' பயிற்சியில் பலருக்கு அவசரம் அதிகம். "100 கிலோ தள்ளிக் காட்டுகிறேன்" என்கிறான் வாலிபன். எப்போது? "அடுத்த மாதமே!" என்கிறான்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆசை வேறு, இலக்கு வேறு. அளவும் நாளும் குறித்தால்தான் அது இலக்கு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமப் பள்ளி 1943 டிசம்பர் 2-ல் தொடங்கியது. ஆண்டுதோறும் அதே நாளில் உடற்பயிற்சிக் காட்சி நடத்துவது அங்கே வழக்கம். நாள் முன்பே தெரியும். ஆகவே ஒத்திகையும் முன்பே தொடங்கும். இதுதான் முறை.

50 கிலோவை ஒழுங்காக ஐந்து முறை தள்ளுகிறவன் என்ன செய்யவேண்டும்? தண்டின் இரு பக்கமும் ஒன்றேகால் கிலோ வட்டு சேர்க்கட்டும். மாதம் இரண்டரைக் கிலோ. ஆறு மாதத்தில் 65 கிலோ!

"ப்பூ! இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். தசை பலப்படும் வேகத்தில் தசைநாண் பலப்படாது. அவசரப்பட்டவன் தோள்பட்டை வலியோடு வீட்டில் உட்காருவான். நிதானமாகப் போனவன் அவனைத் தாண்டிப் போய்விடுவான்.

கானடா நாட்டு டக் ஹெப்பர்ன் பிறவியிலேயே கால் ஊனமுற்றவர். 1953-ல் உலகப் பளுதூக்கும் பட்டம் வென்றார். பெஞ்ச் பிரஸில் 500 பவுண்டை, அதாவது சுமார் 227 கிலோவை, முதலில் தள்ளியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அவருடைய முறை என்ன? முதலில் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டுவது. பிறகே எடையைக் கூட்டுவது!

பஞ்சாபைச் சேர்ந்த ராஜிந்தர் சிங் ரஹேலு இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்டவர். 2004-ல் ஏதென்ஸ் பாராலிம்பிக் போட்டியில், 56 கிலோ பிரிவில், 157.5 கிலோ தள்ளி வெண்கலம் பெற்றார். உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு! ஒரே மாதத்தில் வந்த பலமா இது?

வாரம் இரண்டு நாள் இந்தப் பயிற்சி போதும். இடையில் ஓய்வு வேண்டும். முட்டை, மீன், பயறு, வேர்க்கடலை வேண்டும். தூக்கம் வேண்டும். தள்ளிய கணக்கை நோட்டில் எழுதவேண்டும். குறுக்கு வழி காட்டி ஊசி போடச் சொல்கிறவர்களை அண்டவிடக் கூடாது. அந்த ஊசி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் படுத்துப் பாரம் தள்ளக் கூடாது. கை சோர்ந்தால் தண்டு கழுத்தில் விழும், உயிரே போகும். தலைமாட்டில் ஒரு துணை நிற்கவேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் பாரம் ஏற்ற விடமாட்டோம் என்று பயிற்சிக் கூடத்தார் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பெற்றோரும் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பிள்ளையைச் சேர்க்கவேண்டும்.

வாலிபர்களே! பலம் வேண்டும். அதைவிட நிதானம் வேண்டும். இந்த மாதம் இரண்டரைக் கிலோ போதும்!