45 நாள் குட்டி பிளேனில் வந்ததாம்!

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இப்போது சீமை நாய் மோகம். "நேரா வெளிநாட்டுல இருந்து வந்த குட்டி சார், பொறந்து 45 நாள்தான்" என்று சொன்னால் போதும், ஒரு மாசச் சம்பளத்தை அப்படியே எண்ணிக் கொடுக்க ஆள் இருக்கிறது.

அந்த 45 நாள் கணக்கே பொய்!

வெளிநாட்டு நாய் இந்தியாவுக்குள் வர, வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த ஊசியைக் குட்டிக்கு வழக்கமாக 3 மாதத்தில்தான் போடுவார்கள். ஆக மொத்தம் 4 மாதம். அப்படியானால் 45 நாள் குட்டி எந்தப் பிளேனில் ஏறியது? சென்னையில் இறங்கினாலும், கால்நடை தனிமைப்படுத்தும் நிலையத்தார் பேப்பரைப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். அந்தச் சான்றிதழை எடுங்கள் என்றால் விற்கிற ஆசாமி மென்று விழுங்குவார்.

பக்கத்து ஊர்க் கொட்டகையில் பிறந்த குட்டிதான் 'பாரின்' ஆகிறது. ஊசி போடாத குட்டிக்கு பார்வோ பேதி கண்டால் சில நாளில் கதை முடிந்துவிடலாம். சம்பளமும் போச்சு, குட்டியும் போச்சு, பிள்ளைகளின் அழுகைதான் மிச்சம்.

நிஜமாகவே வந்தாலும், சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கி ஜாதிக்கு விழுப்புரத்துக் கத்திரி வெயில் ஆகுமா? மனுஷனுக்கே நாக்கு தள்ளுகிறது! ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் தலையே போட்டார்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பையும் நம்ம ஊர்ச் சரக்குதான்.

சீமை நாய்தான் வேண்டுமென்றால், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஊசி போட்ட தேதியைக் கேளுங்கள்.