பஞ்சாரத்துக் கோழி

"கோழிக்காக ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் படியுங்கள். நான் சொல்ல வந்தது கோழியைப் பற்றி மட்டுமன்று, நம்மைப் பற்றியுந்தான்.

தாராவியில், தொண்ணூறடிச் சாலையை அடுத்த சந்தில் எங்கள் வீடு. ஏணிப்படியின் கீழே ஒரு பஞ்சாரம். அதில் ஆச்சியின் கோழிகள் மூன்று. திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் ஆச்சி விடாத பழக்கம் அது. முட்டை விற்ற காசும் சேர்ந்துதான் என் தேர்வுக் கட்டணமாயிற்று. ஆகவே, செவலைக் கோழி இறகைத் தொங்கவிட்டு, இரை தொடாமல் ஒடுங்கியபோது வீடே ஒடுங்கியது.

மறுநாள் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறியது. கழுத்து ஒருபுறம் திருகிக்கொண்டது.

"ஏலே, உசிரு இருக்கும்போதே கடையில குடுத்துரு. செத்துப்போச்சுன்னா கால் காசு தேறாது" என்றாள் ஆச்சி. அவளைக் குறை சொல்லேன். ஊரார் செய்வதைத்தான் அவளும் சொன்னாள். கடைக்காரரும் பாதி விலைக்கு ஒப்பினார்.

நான் கொடுக்கவில்லை. கூடையில் வைத்துத் துணியால் மூடி, சயானில் இரயிலேறினேன். 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பரேலில் இருக்கிறதல்லவா? அங்கே பார்த்த மருத்துவர், இராணிக்கேட் நோயாக இருக்கலாம் என்றார். நம்மவர் வெள்ளைக்கழிச்சல் என்பது அதைத்தான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தலைகாட்டி, பிறகு குமாயூன் மலையிலுள்ள இராணிக்கேட்டில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயரையே நம் நாட்டில் பெற்ற வைரஸ் நோய் அது. வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு.

மருந்தில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளா? செவலையைத் தனியே வைத்தேன். கோணியால் கதகதப்பூட்டினேன். வாயில் ஊற்றினால் நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொட்டுவைத்தேன். ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கை கழுவினேன். நான்காம் இரவு அது கண் மூடியது. அந்த வாரமே இன்னொன்றும் போயிற்று. தாராவியில் குழி தோண்ட மண் ஏது? செம்பூரில் நண்பன் வீட்டுத் தோட்டத்தில் ஆழத் தோண்டி, சுண்ணாம்பிட்டுப் புதைத்தோம்.

தோற்றுப்போன கதைதானே என்பீர்கள். இல்லை. அந்தக் கோழியை விற்றிருந்தால் என் நட்டத்தை இன்னொரு ஏழையின் அடுப்பில் ஏற்றியிருப்பேன். கூண்டிலிருந்த மற்றக் கோழிகளுக்கும் நோயைப் பரப்பியிருப்பேன். 2006-இல் நம் மராட்டிய மாநிலத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறந்தோமா? வெள்ளைக்கழிச்சல் மனிதனுக்குக் கண்நோய் தருவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். பறவைக் காய்ச்சல் உயிரையே வாங்கும். இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கண்ணால் பார்த்து இன்னதென்று துணிய யாரால் முடியும்? நோயுற்ற கோழியை அறுப்பதும் விற்பதும் சிக்கனமல்ல, சூதாட்டம்.

ஆனால், தடுப்பு மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. குப்பி ஒன்றில் நூறு, இருநூறு கோழிகளுக்குரிய மருந்து இருப்பது வழக்கம். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிய பின் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். மூன்று கோழி வைத்திருக்கும் ஆச்சி ஒருத்தி இதைச் செய்ய முடியுமா? ஒரு சந்தே சேர்ந்தால் முடியும்! குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. அவ்வளவுதான்.

நம் மன்றத்தார் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து, தாராவிச் சந்துகளில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட வைத்தால் என்ன? வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்க நான் தயார். என்னோடு வருவோர் யார்?

ஆச்சியின் பஞ்சாரத்தில் இப்போது ஒரு கோழி இருக்கிறது. அது அடைகாக்கிறது. குஞ்சு பொரிப்பதற்குள் நாம் முடிவெடுக்க வேண்டும்.