யந்திரம் குற்றவாளியல்ல!

கணினி ஓட்டும் சி.என்.சி. லேத் வந்தபின் கைத்திறனுக்கு என்ன வேலை என்கிறார்கள் முதலாளிமார். இது விஞ்ஞானத்தின் விதியா? இல்லை, முதலாளி வர்க்கத்தின் தேர்வு!

1940-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஒரு முறை கண்டார்கள். தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தானே செய்வார். யந்திரத்தின் அசைவுகள் நாடாவில் பதியும். பிறகு யந்திரம் அதையே திருப்பிச் செய்யும். அந்த முறை ஓரங்கட்டப்பட்டது. விமானப் படையின் பணத்தில் எம்.ஐ.டி. 1952-ல் செய்து காட்டிய முறையே வென்றது. அதில் கட்டளை ஆபீசில் தயாராகும். பட்டறையின் கடிவாளத்தைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கவே இந்தத் தேர்வு என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984-ல் எழுதினார்.

நம் நாட்டுப் பட்டறைகளிலும் ஒருவர் தலையில் இரண்டு, மூன்று யந்திரங்கள். ஒருவருக்குப் பல தறி கட்டிய கதை ஆலைத் தோழர்களுக்குத் தெரியாததா? விநாடிகளை மிச்சம் பிடிக்கக் காப்புக் கதவின் சுவிட்சைச் செயலிழக்கச் செய்து ஓட்டும் பட்டறைகளும் உண்டு. லாபம் முதலாளிக்கு, போகும் விரல் யாருடையது?

யந்திரத்தை உடைப்பது நம் வழியல்ல. கட்டளை எழுதும் பயிற்சியை லேத்தில் நிற்பவருக்குக் கொடு! கூடுதல் யந்திரத்துக்குக் கூடுதல் கூலி கொடு! காப்புக் கதவில் கைவைக்காதே! தோழர்களே, சங்கமாய்த் திரண்டு கேட்போம்!