கடலில் கரையும் கரிவளி: ஊகம் போதுமா?



அமிலம், காரம் பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன் வினவினான்: "கடல் அமிலமாகிறது என்கிறார்களே ஐயா, பூஞ்சுத்தாள் அதைக் காட்டுமா?"

காட்டாது. கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதே. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2ஆக இருந்த அதன் பி.எச். அளவு, இன்று 8.1ஐ ஒட்டி நிற்கிறது. அவ்வளவுகோலில் 0.1 குறைந்தாலே அமிலத்தன்மை கால்பங்கு கூடிவிடும். மாந்தர் வெளியேற்றும் கரிவளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம்.

இதை ஆய்வுக் கப்பல்களில் சென்று அளக்கிறார்கள். பல ஆழங்களில் நீரை முகந்து, காற்றுக்குமிழி புகாமல் கண்ணாடிப் புட்டியில் நிரப்புவர். நுண்ணுயிர்கள் அந்நீரை மாற்றிவிடாதபடி சிறிது பாதரசக் குளோரைடு சேர்த்து மூடுவர். பின்னர் அமிலம் விட்டு, வெளிப்படும் கரிவளியை அளப்பர். ஒரு கிலோ கடல்நீரில் கரைந்துள்ள கரிமம் ஏறத்தாழ 2000 மைக்ரோமோல். மேற்பரப்பில் அது ஆண்டுக்கு உயர்வதோ ஏறத்தாழ 1 மைக்ரோமோல்தான். ஈராயிரத்தில் ஒன்றைப் பிழையின்றிக் காண உரைகல் வேண்டுமன்றோ? கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வுக் கழகத்தில் ஆண்ட்ரூ டிக்சன் குழுவினர் உருவாக்கிய ஒப்பீட்டுக் கடல்நீரே அந்த உரைகல்.

ஒரு கடலைக் கொண்டு மறுகடலை ஊகிக்கவும் இயலாது. 1990-களில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் சாகர் கன்யா முதலிய கப்பல்களில் சென்று அளந்தனர். ஆழ்நீர் மேலெழும் அரபிக்கடல் கரிவளியை வெளிவிடுவதைக் கண்டனர். ஆற்றுநீர் பரவிக்கிடக்கும் வங்கக்கடலிலோ, நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடலில், உறிஞ்சும் பகுதிகளைக் கண்டனர்.

நம் மலாக்கா நீரிணையின் நிலை என்ன? 2010க்குப் பின் மலேசியாவில் கெராங் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கோலசிலாங்கூர்க் கரையிலும் கெராங் வளர்ப்போர் உள்ளனர். கழிவுநீரா, சேறா, கடலின் மாற்றமா என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். கெராங்கின் ஓடு சுண்ணத்தால் ஆனது. அமிலத்தன்மை கூடினால் அதைக் கட்டுவது கடினம். ஆயினும் அதுவே காரணம் என அளக்காமல் சொல்வது அறிவியல் ஆகாது. அளக்காமல் மறுப்பதும் ஆகாது.

உலு யாம் பக்கத்து ஆற்றுநீரும் சிலாங்கூர் ஆற்றில் கலந்து, கோலசிலாங்கூரில்தான் கடலைச் சேர்கிறது. எனவே இது கரையோரத்தார் கவலை மட்டுமன்று. அக்கரையில் ஆண்டுதோறும் ஒரே முறையில் அளவீடு தொடர வேண்டும். அவ்வளவுகள் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். நம் பள்ளிகளில் விடையை மனனம் செய்விப்பதை விட, நாளும் இடமும் குறித்து அளந்தெழுதும் பழக்கத்தை ஊட்டுவோம். அந்த மாணவனின் வினாவுக்கு நாம் செய்யத்தக்க மறுமொழி அதுவே.