அணுவை அசைப்பது யார்?

"அவனன்றி ஓரணுவும் அசையாது" என்று சொல்லாத பண்டிதரும் இந்நாட்டில் இல்லை; கேட்டுத் தலையாட்டாத பாமரரும் இல்லை. சென்ற வாரம் கோச்சடையில் ஒரு பிரசங்கியார் இதையே இரண்டு மணி நேரம் விஸ்தரித்தார். வைகைக் கரைக் காற்றில் ஜனங்களும் சுகமாய்க் கேட்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். பசுஞ்சாணம் பரிசுத்தம், அதைக் காயத்தில் அப்பினால் ஊசியே வேண்டாம், மேல் நடப்பது அவன் சித்தம் என்றாரே, அங்கேதான் சங்கதி விபரீதமாகின்றது.

சரி, அணு அசைவதைப் பற்றியே பேசுவோம். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு வகை உயிரணுவும் தான் தயாரித்த சரக்கைக் கொழுப்பாலான சிறு பைகளில் கட்டித் தன் வெளிச் சவ்வுக்கு அனுப்பி வெளியே கொட்டுகின்றது. சுமார் 10,000 பைகளை வரிசையாய் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர்! இந்த மூட்டைகள் வழி தெரிந்து போய்ச் சேருவது எப்படி? பிரசங்கியார் மேலே கை காட்டுவார். கலிபோர்னியாவில் ஷெக்மனும் அவர் மாணவர் நோவிக்கும் மேலே பார்க்கவில்லை, ஈஸ்டைப் பார்த்தார்கள். கள்ளை நுரைக்க வைக்கின்றதே, அதே ஈஸ்ட்தான். சூடேற்றினால் இந்த வேலை மட்டும் கெட்டுப்போகும் ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்து, இப்போக்குவரத்துக்கு வேண்டிய 23 மரபணுக்களை 1980-ல் அடையாளம் காட்டினார்கள். சிலவற்றில் ஒன்றே ஒன்று கெட்டாலும் போதும், பைகள் இறங்க இடமின்றி உள்ளேயே குவிந்து கிடந்தன. ஷெக்மனுக்கு 2013-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அவற்றில் ஆறும், பிறகு கண்ட இரண்டுமாக எட்டுப் புரதங்கள் கூட்டாக நின்று பையைப் பிடிக்கின்றன. எக்சோசிஸ்ட் என்று அக்கூட்டுக்குப் பெயர். அதில் இரண்டு சவ்வின் உட்புறத்தைப் பற்றிக்கொள்ளும். இன்னொன்று பையின் மேலுள்ள அடையாளப் புரதத்தைப் பிடிக்கும். படகைக் கரைக்கு இழுத்துக் கட்டுவது போலத்தான். பின்னர், பைமேல் உள்ள வேறொரு புரதமும் சவ்வில் உள்ளவையும் கயிறு திரிப்பது போல் முறுக்கிக்கொள்ள, பை சவ்வோடு கலந்து திறக்கின்றது. இவற்றுக்கு எண்ணெய்க் காப்பும் இல்லை, நைவேத்தியமும் இல்லை.

"அந்தப் புரதங்களைப் படைத்தவர் யார்?" என்று மடக்குவார்கள். மடக்கட்டும். சாணத்திலும் மண்ணிலும் ரண ஜன்னிக் கிருமியின் வித்துக்கள் கிடக்கின்றன. காற்றுப் புகாத புண்ணில் அவை முளைத்து விஷத்தைக் கக்கும். அவ்விஷம் முதுகுத் தண்டுக்கு ஏறி, "இழுத்தது போதும்" என்று தசைகளை அடக்கும் நரம்புகளுக்குள் புகுந்து, பைமேல் இருக்கும் அந்த முறுக்குப் புரதத்தையே கத்தரிக்கின்றது. இது 1992-ல் கண்ட உண்மை. பை நிறையச் சரக்கு இருக்கும். திறக்க வழி இராது. தாடை பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாய் வளையும். படைத்தவர்தான் புரதத்தைச் செய்தார் என்றால், அதை வெட்டும் கத்தரிக்கோலையும் செய்து பரிசுத்தமான சாணத்தில் ஒளித்து வைத்தவர் யார்?

தொப்புள்கொடியில் சாணம் வைத்த வீடுகளில் பிறந்து சில நாட்களிலேயே குழந்தை பால் குடிக்க முடியாமல் விறைத்தது. பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். விதி என்று புதைத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் பதில் சொல்ல எந்தப் பிரசங்கியார் வந்தார்? கர்ப்பிணிக்குப் போட்ட தடுப்பூசியும், கொடியறுக்கும் சுத்தமான கத்தியும், ஆஸ்பத்திரிப் பிரசவமுமே நிலைமையை மாற்றின. இந்தியாவில் எல்லா மாவட்டங்களிலும் சிசு ரண ஜன்னி 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டதென்று 2015-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. ஆனால் வித்துக்கள் மண்ணை விட்டுப் போய்விடவில்லை. ஊசியை நிறுத்தினால் அவை காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

பிரசங்கியார் காலில் ஆணி குத்தும் நாளில் அவர் மாட்டுத் தொழுவத்துக்குப் போகின்றாரா, ஆஸ்பத்திரிக்குப் போகின்றாரா என்பதைக் கோச்சடைத் தோழர்கள் பார்த்து எழுதட்டும். வெளியிடக் காத்திருக்கின்றோம்.